ஓ நெகட்டிவ் துலுக்கானம்

சைக்கிளைப் பூட்டுவதற்கு முன்பே துலுக்கானத்தின் வலது சட்டைக் கை முழங்கைக்கு மேல் ஏறிவிடும். அண்ணனூர்க்காரர். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சொல்லிவைத்தாற்போல, அம்பத்தூர் ரத்த வங்கியில் ஆஜர். "இன்னா சிஸ்டர், பெட்டு காலியா கீதா?"

"நம்முளுது ஓ நெகட்டிவ். லேசுல கெடைக்காது" என்று டீக்கடைக்காரர் வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறார். வாரம் முழுக்கப் பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் தின்று ரத்தத்தை "ஏத்திகினு" வருவார். கொடுத்து முடித்தால் பிஸ்கட்டைத் தொடமாட்டார். முதலில் விசாரணை: "போன தபா குட்த்தது யாருக்குப் போச்சு?" நாலு வருஷத்துக்கு முன், எண்பத்தொன்பதில், வேப்பம்பட்டுக் குழந்தை ஒன்று அவர் ரத்தத்தில் பிழைத்தது. அதை இன்றுவரை "நம்ம பொண்ணு" என்பார். அது நல்ல ரத்தமாக இருந்த காலம்.

போன மார்கழியில் ஒரு பாட்டிலில் எய்ட்ஸ் கிருமி தெரிந்தது. அவர் 'சிஸ்டர்' என்று கூப்பிடும் டெக்னீஷியன் ஞானகுமாரி மறுபடி சோதித்தாள், மறுபடியும் அதேதான். பாட்டிலில் எண்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஆனால் அன்று வந்த ஓ நெகட்டிவ் ஒன்றே ஒன்று.

டாக்டரிடம் ஓடினாள். "நாம பாட்டிலைத்தாம்மா டெஸ்ட் பண்றோம், ஆளை இல்ல. குடுத்தவங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு ரூல். கொட்டிடுங்க" என்றார் அவர். நல்ல ரூல்! ரத்தம் சுத்தமாக இருந்தால் போதும், கொடுத்தவன் எக்கேடு கெட்டால் என்ன?

தை மாதம் துலுக்கானம் தன் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். ஞானகுமாரி வாங்கிக்கொண்டாள், அந்தப் பாவத்தை எங்கே போய்க் கழுவுவாள்? "பெரியாஸ்பத்திரியில ஒருவாட்டி செக் பண்ணிக்குங்கண்ணே" என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "எனக்கு இன்னா கொறச்சல்?" என்று புஜத்தைத் தட்டிக் காட்டினார். பங்குனியிலும் ஆனியிலும் வந்து கொடுத்தார். இரண்டையும் கொட்டினாள். யாருக்குப் போச்சு என்றதற்கு, பிரசவக் கேஸ் என்றாள்.

இப்போது புரட்டாசி. கூடவே மனைவி பூங்காவனம், நாலு மாதக் கர்ப்பம். "இவளுக்கு ரத்தம் வேணும்னா வெளிய தேட வாணாம் சிஸ்டர், நான் கீறேன்." பூங்காவனம் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

ஞானகுமாரி ரப்பர் குழாயைக் கட்டினாள். நரம்பு புடைத்தது. ஊசியை எடுத்தவள் பூங்காவனத்தின் வயிற்றைப் பார்த்தாள். ஊசியைக் கீழே வைத்து, குழாயை அவிழ்த்தாள். வேலை போனால் போகட்டும்.

"வேணாம்ணே. உங்க ரத்தத்தை இனிமே எடுக்க மாட்டேன். ரெண்டு பேரும் உக்காருங்க, ஒண்ணு சொல்லணும்."

அவர் காதில் விழுந்தது முதல் வார்த்தை மட்டும்தான். "நரம்பு ஆப்டலியா? இதுல பாரு சிஸ்டர்" என்று இடது சட்டைக் கையையும் முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு நீட்டினார்.