சாக்குக்கு ஒன்றரைக் கிலோ

வட்டகொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து ஆபீசில் நிலக்ஷிக்குக் கம்ப்யூட்டர் வேலை. நான் பக்கத்து மேசைக் கிளாக்கர். அவளுடைய அம்மா மீனம்மா மலையில் கொழுந்து பறிக்கிறார். அந்த உழைப்பில்தான் இவள் ஹட்டனுக்குப் போய் புரோகிராம் எழுதப் படித்தாள்.

பதினெட்டுக் கிலோ பறித்தால் முழுப் பேர். அதற்குக் குறைந்தால் அரைப் பேர், அரைநாள் சம்பளம். தினம் மூன்று நிறுவை. ஒவ்வொன்றிலும் சாக்குக்கென்று ஒன்றரைக் கிலோ கழிப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து வழக்கமாம். இத்தனை வருசத்தில் ஒருத்தனாவது அந்தச் சாக்கை நிறுத்துப் பார்த்தானா? தூ!

போன தை மாதம் நிறுவையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொன்னார்கள். நிலக்ஷி விஷுவல் பேசிக்கில் எழுதினாள். பதினெட்டு என்ற அளவை மாறிலியாக அறிவித்து, முழு எண் என்று வகை கொடுத்தாள். சாக்குக் கழிவுக்கும் அதே வரியைப் பிரதி எடுத்து, பெயரை மாற்றி, 1.5 என்று போட்டாள். வகையை மாற்ற மறந்துவிட்டாள். முழு எண்ணுக்குள் ஒன்றரை எப்படி நிற்கும்? சத்தமில்லாமல் இரண்டாகிவிட்டது.

அந்த மாதம் மீனம்மாவுக்குப் பதினொரு அரைப் பேர்.

"கத பேசிக்கிட்டு நின்னா கிலோ எப்படிம்மா வரும்? ஒனக்குக் கை ஓஞ்சு போச்சு" என்று என் முன்னாலேயே மகள் கத்தினாள். மறுநாளிலிருந்து மீனம்மா பத்து மணித் தேத்தண்ணியையும் விட்டுவிட்டுப் பறித்தார். அப்படியும் அரைப் பேர்தான்.

கடைசியில் ஒருநாள் நிலக்ஷி, அம்மாவின் நிறுவைத் துண்டுச் சீட்டை வாங்கிக் கையால் கூட்டிப் பார்த்தாள். தராசில் இருபத்து மூன்று கிலோ. நாலரை போனால் பதினெட்டரை. திரையில் பதினேழு. அப்போதுதான் வகை உறைத்தது. பதறிக்கொண்டு பெரிய கிளாக்கர் முத்துலிங்கத்திடம் ஓடினாள்.

"ரெண்டே இருக்கட்டும் புள்ள. யாரும் கேக்கலையே. வாயத் தொறந்தா ஒன் வேலதான் போவும்" என்று சொல்லிவிட்டு அவர் வடையைக் கடித்தார். பக்கத்து மேசையிலிருந்த நானும் வாயைத் திறக்கவில்லை. சீ, நானும் ஒரு மனுசன்!

மறுநாள் காலை ஆட்கள் கூடும் பெரட்டில் நிலக்ஷி தராசைக் கொண்டுவந்து, கொக்கியில் வெறும் சாக்கை மாட்டினாள். முந்நூறு கிராம்.

"இதாங்க சாக்கு. இதுக்குத்தான் இத்தன வருசமா ஒன்றரை கழிச்சாங்க. தை மாசத்துலருந்து ரெண்டு போயிருக்கு. அது என் தப்புங்க, நான்தான் எழுதுனேன்."

பெண்கள் போட்ட கூச்சலில் முத்துலிங்கம் ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மீனம்மா மட்டும் கத்தவில்லை. மகளுக்குப் பக்கத்தில் வந்து, கறை பிடித்த தன் விரல்களை விரித்துப் பார்த்தார்.

"அப்ப எனக்குக் கை ஓயலையா புள்ள?"