பெயின்ட் அடித்த விரிசல்

காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு ஓட்டும் டிரிஃப்ட் போட்டிக்காக, என் பழைய காருக்கு விலை குறைந்த அலாய் வீல் தேடினேன். புதுக்கோட்டையில் ஒரு கடைக்காரர், "எல்லாமே புதுசு தம்பி, தைரியமா மாட்டுங்க" என்றார். நம்பி வாங்கினேன்.

பொன்னமராவதிப் பக்கம் ஒரு தனியார் மைதானத்தில் பயிற்சி எடுத்தபோது, பின் வீல் உடைந்து கார் மண்மேட்டில் மோதியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் நண்பன் சலீமுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. வீலைப் புரட்டிப் பார்த்தேன். பழைய விரிசலை வெல்டிங் வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள்.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி அதே மாதிரி வீலுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் என்னை உள்ளே இழுத்தார்.

"சத்தம் போடாதீங்க தம்பி. ஒங்களுக்கு நல்ல வீலா மாத்தித் தாரேன். அவங்க போற வரைக்கும் அங்கிட்டு உக்காருங்க."

ஏமாந்ததைவிட அந்தப் பேச்சுதான் என்னை எரித்தது. அடுத்தவன் குழந்தை எப்படிப் போனாலும் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று நினைத்துவிட்டாரே.

வெளியே வந்து வீலை அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தேன்.

"அக்கா, இதையும் புதுசுன்னுதான் குடுத்தாரு. நேத்து ஒடஞ்சு என் நண்பன் ஆஸ்பத்திரியில கெடக்கான்."

அந்தப் பெண் வெல்டிங் தழும்பைத் தடவிப் பார்த்தார். குழந்தையை அணைத்தபடி வெளியேறினார். கணவரும் பின்னாலேயே போனார்.

"எம் பொழப்பக் கெடுத்துட்டியேடா" என்று கத்தினார் கடைக்காரர்.

எனக்கு வேறு வீல் கிடைக்கவில்லை, போட்டிக்கும் போகவில்லை. அந்தக் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கோபம் பொங்குகிறது. அது தணிந்துவிடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.