ராணிப்பேட்டைக்கு வந்த ஐஸ் ஹாக்கி கையுறை

போன வாரம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. ஏழு வயது மகனுக்கு ஐஸ் ஹாக்கி கையுறை. பிரித்ததும் உள்ளங்கைப் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனேன். கையுறைக் கம்பெனியில் வேலை பார்த்தவளுக்கு அது விடாத பழக்கம். கல்யாண வீட்டில் மற்றவர்கள் பக்கத்துப் புடவையைத் தடவிப் பார்ப்பதுபோல. தோல் வாசனை துளிகூட இல்லை. புது மழைக்கோட்டின் வாசனைதான் வந்தது.

வேலூரில் ஐஸ் ஹாக்கியா என்று சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மீன் மார்க்கெட்டில் மரத்தூளோடு கிடப்பது, ஜூஸ் கடைக்காரர் கோணிக்குள் போட்டுக் கட்டையால் உடைப்பது, அதை விட்டால் சாவு வீட்டுக்கு வாடகைக்கு வரும் பெட்டி. ஆனாலும் சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், கார் நிறுத்தும் சிமெண்ட் தரையில், ஒரு கோச் இதைச் சொல்லித் தருகிறார். சக்கரம் வைத்த ஷூவில் பிள்ளைகள் ஓடி, வளைந்த மட்டையால் ஒரு ரப்பர் வட்டை அடிக்கிறார்கள். முகூர்த்த நாட்களில் பயிற்சி கிடையாது. அங்கே அண்டா கழுவுவார்கள். கோச்சின் பனியனில் ஏதோ ஒரு குளிர்நாட்டின் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். அவர் பார்த்த அதிகபட்சக் குளிர் ஏலகிரி மலையில்தான் என்பது என் கணிப்பு.

இரண்டு வாரத்துக்கு முன் என் மகனும் இன்னொரு பையனும் அங்கே மோதிக்கொண்டார்கள். இவன் தலைக்கவசத்தோடு போய்ச் சுவரில் இடித்து விழுந்தான். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்தான். நான் ஓடி அவனைத் தூக்குவதற்குள் கோச் என்னைத் தனியே அழைத்தார்.

“ஒங்க பையன் அடி வாங்கிட்டு அழ மாட்றான் மேடம். இந்த மாதிரி பசங்க கெடைக்கிறது கஷ்டம். டிசம்பர்ல வடக்க கேம்ப், நெஜ ஐஸ்ல. அனுப்பி வைங்க, புரொஃபஷனலா கொண்டு வந்துர்லாம்.”

என் கணவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர். தன் ரத்தத்தைப் பற்றி யாரோ பெருமையாகச் சொல்லிவிட்டார் என்றதும் அன்றைக்கே கையுறைக்கு ஆர்டர் போட்டார். எனக்கோ வேறு கவலை. அன்று சாயங்காலம் மகன், “இன்னா டிபன்மா?” என்று கேட்டான். தோசை என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து, “அம்மா, இன்னா டிபன்?” என்றான்.

டாக்டரிடம் காட்டினோம். ஒன்றுமில்லை என்றார். “பசங்க ரெண்டு தடவ கேப்பாங்கதான். நீ கேஸ மூடிட்டு வந்து எத்தன தடவ திருப்பிப் பாக்கற?” என்றார் கணவர். நியாயமான கேள்வி. நான் அப்படித்தான். கேம்ப் வேண்டாம் என்று பயத்தில் மறுக்கிறேனா, யோசித்து மறுக்கிறேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் கையுறையை முகர்ந்ததும், ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கும் இன்னொருவர் நினைவுக்கு வந்துவிட்டார். எரிக்.

எம்.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு ராணிப்பேட்டையில் ஒரு தோல் கையுறைக் கம்பெனி ஆபீஸில் சேர்ந்திருந்தேன். கம்பெனி பஸ் சிப்காட் பக்கம் திரும்பும்போதே புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்போம். எங்கள் தலைமுடியிலேயே அந்தத் தோல் பதனிடும் வாசனை குடியேறியிருந்தது. தோட்ட வேலைக்கு, கார் ஓட்ட என்று சாதாரணக் கையுறை தைத்துக்கொண்டிருந்த கம்பெனிக்கு ஒருநாள் ஐஸ் ஹாக்கி கையுறை கேட்டு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து விசாரணை வந்தது. எப்படித் தைக்க வேண்டும் என்று சொல்லித் தர, ஓய்வுபெற்ற தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

எங்கள் ஜி.எம். ராஜரத்தினம் சாருக்கு விமானம் ஏறி வருகிற எவரும் உலகப் புகழ் பெற்றவர்தான். ஆபீஸ் ஏ.சி.யைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக் பெங்களூரிலிருந்து பறந்து வந்தார் என்பதற்காக அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தியவர். எரிக் இறங்கியபோது நாதஸ்வரம்தான் பாக்கி.

வந்தவர் கதவு அகலத்துக்கு இருந்தார். மூக்கு ஒரு பக்கம் பார்த்தது, முகம் வேறு பக்கம் பார்த்தது. சாப்பிடும்போது முன்பற்களைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொள்வார். விரல் முட்டிகள் இஞ்சிக் கிழங்கு மாதிரி புடைத்திருக்கும். நோட்டீஸ் போர்டில் ஒட்ட அவரைப் பற்றி நாலு வரி எழுதும்படி சார் சொன்னதால், எத்தனை கோல் போட்டிருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டேன். அது என் வேலை இல்லை என்றார்.

பிறகு மெதுவாகத் தன் வேலையை விளக்கினார். நம்புங்கள், நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அவருடைய அணியின் நல்ல ஆட்டக்காரனை எதிரணியில் யாராவது இடித்தால், வெளியே உட்கார்ந்திருக்கும் இவருடைய தோளைக் கோச் தட்டுவார். இவர் பனித்தரையில் குதித்து, கையுறைகளைக் கழற்றிக் கீழே எறிந்துவிட்டு, இடித்தவனின் சட்டையைப் பிடித்து முகத்தில் குத்துவார். அவனும் குத்துவான். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள். அப்புறம் இருவரையும் ஆளுக்கொரு கண்ணாடிக் கூண்டில் கொஞ்ச நேரம் உட்கார வைத்துத் திறந்து விடுவார்கள். பல வருடம் இதுதான் உத்தியோகம். நடுநடுவே ஓர் அணி இவரை இன்னோர் அணிக்கு விற்றுவிடும். ஒருமுறை குளித்துக்கொண்டிருந்தபோதே விற்றுவிட்டார்களாம். துண்டோடு வெளியே வந்தவரிடம் அடுத்த ஊருக்கு டிக்கெட்டைக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பேட்டையில் ஆட்டுத் தோலைக்கூட விற்பதற்கு முன் ஒரு தரம் புரட்டிப் பார்ப்பார்கள்.

ஆக, கையுறையைக் கழற்றி எறிவதையே தொழிலாகச் செய்தவரிடம் கையுறை தைக்கப் பாடம் கேட்டோம் நாங்கள். பக்கத்து மேஜை ஷகிலாவிடம் இதைச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “நம்ம தெரு ரவுடிக்கும் இவருக்கும் இன்னாபா வித்தியாசம்? நம்மாளு ஸ்டேஷன்ல உக்கார்றான், இவுரு கண்ணாடி ரூம்ல உக்கார்றாரு. சம்பளம் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்.”

நோட்டீஸ் போர்டில் ‘பனி உலகின் மாவீரர்’ என்று எழுதி ஒட்டினேன். சார் சொன்ன வார்த்தைகள்.

மாவீரருக்கு மறதி. காலையில் ஆபீஸுக்கு வந்ததும் கை குலுக்கி என் பெயரைக் கேட்பார். சொல்வேன். அழகான பெயர் என்பார். மறுநாள் காலை மறுபடி கேட்பார். முதல்நாள் ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கி வைத்திருந்தோம். கடித்துவிட்டு, உள்ளே பருப்பெல்லாம் இருக்கிறதே, இது என்ன என்று கண் விரியக் கேட்டார். விளக்கினேன். அடுத்த நாளும் அதே கடி, அதே கண், அதே கேள்வி. மூன்றாம் நாள் ஷகிலா வேண்டுமென்றே பேடா டப்பாவை அவர் முன்னால் திறந்து வைத்துவிட்டு, எனக்கு ஜாடை காட்டினாள். ஆபீஸே கோப்புகளுக்குப் பின்னால் குனிந்து சிரித்தது. தலையில் அடி வாங்கி வாங்கி அப்படி ஆனது என்று அவரே பிறகு சொன்னார், ஏதோ சளி பிடித்த கதையைச் சொல்வதுபோல. இங்கிலீஷில் ‘புரொஃபஷனல்’ என்ற சொல்லுக்கு எங்கள் கல்லூரியில் இந்த அர்த்தத்தைச் சொல்லித் தரவில்லை.

மாதிரிக்காகத் தன் பழைய கையுறைகளைக் கொண்டுவந்திருந்தார். ஆட்டக்காரராக இருந்த காலம் முழுக்க அந்த ஒரு ஜோடிதானாம். மேல்பக்கம் அப்படியே இருக்கும். உள்ளங்கைத் தோல் மட்டும் மட்டை பிடித்துப் பிடித்துத் தேய்ந்து ஓட்டையாகும். எந்த அணியில் இருந்தாலும் அங்கே சாமான்களைப் பார்த்துக்கொள்கிற ஆள் கையில் கிடைத்த தோலை வைத்து ஒட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு, ஒன்று ஏதோ பழைய பூட்ஸிலிருந்து வெட்டியது. வியர்வையும் ரத்தமும் ஊறி, எங்கள் பதனிடும் தொட்டியே தேவலை என்கிற நாற்றம்.

சாம்பிள் அறையில் பாபு மாஸ்டர் அதைப் புரட்டிப் பார்த்தபோது, எரிக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கட்டைவிரலை மஞ்சள் ஒட்டின்மேல் வைத்தார். உடனே பேச ஆரம்பித்தார். அது ஆறு உறைந்து போகும் ஓர் ஊர். அங்கே ஒட்டுப் போட்டவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்த வாரம். விரல் கறுப்புக்கு நகர்ந்தது. அது காகித ஆலை ஊர், காற்றில் எப்போதும் முட்டைக்கோஸ் வேகிற வாசனை, இவர் குடியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு கண் தெரியாது. பூட்ஸ் துண்டு, குளிக்கும்போது விற்ற ஊர். என் பெயரை ஒரு ராத்திரி தாண்டி வைத்துக்கொள்ள முடியாத மனிதர், விரல் ஒட்டின்மேல் இருக்கும்வரை ஒரு பெயரையும் தவறவிடவில்லை. விரலை எடுத்ததும் நின்றுவிட்டார். என்னைப் பார்த்து, எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்றார்.

ஆபீஸில் வந்து சொன்னேன். “கைரேகை ஜோசியமா?” என்றாள் ஷகிலா.

அவர் கிளம்புவதற்கு முன் பிரிவு உபசாரம். பொன்னாடை, மாலை எல்லாம் ஏற்கெனவே போட்டாகிவிட்டதால் சார் புதிதாக ஒன்று யோசித்தார். மாதிரி எடுத்து முடிந்த அந்தக் கையுறைகளைக் கம்பெனியின் கைவண்ணத்தில் புதுப்பித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தருவது. உங்களுக்குத் தோல் தொழில் தெரியாவிட்டால் இதைச் சொல்ல வேண்டும்: எங்கள் ஊரில் காலையிலிருந்து மாலை வரை நடக்கும் வேலையே தழும்பை மறைப்பதுதான். ஆட்டின்மேல் முள் கீறியது, உண்ணி கடித்தது, சண்டையில் கொம்பு பட்டது எல்லாவற்றையும் தேய்த்து, பூசி, சாயம் அடித்து, அது உயிரோடு எங்கேயும் திரிந்ததே இல்லை என்று காட்ட வேண்டும். காட்டினால் முதல் தரம். இல்லையென்றால் கழிவு. அப்படிப் பழகிய கண்ணுக்கு அந்த உள்ளங்கை எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

“சார், அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடலாமா?” என்றேன்.

“கேட்டா அப்புறம் அது இன்னாம்மா சர்ப்ரைஸு? எம்.ஏ. படிச்சிருக்க.”

மறுநாள் கேண்டீனில் எல்லாரையும் கூட்டினார்கள். சார் பெட்டியைத் திறந்து கையுறைகளை எடுத்து அவரிடம் நீட்டினார். பாபு மாஸ்டர் உயிரைக் கொடுத்து வேலை செய்திருந்தார். குறை சொல்ல முடியாது. புத்தம்புது வெள்ளாட்டுத் தோலில் உள்ளங்கை, ஒரே நிறம், ஒரே சீரான தையல், மேலே பளபளவென்று பூச்சு. நாற்றம் போய் வார்னிஷ் வாசனை வீசியது. எல்லாரும் கை தட்டினோம்.

எரிக்கும் சிரித்தார். கட்டைவிரலை உள்ளங்கையில் வைத்தார். நகர்த்தினார். மறுபடி முதலிலிருந்து நகர்த்தினார். இருட்டில் சுவரைத் தடவி ஸ்விட்ச் தேடுகிறவர் மாதிரி இருந்தது. கை தட்டல் அடங்கியபின் என் பக்கம் குனிந்து, இவை யாருடையவை என்று கேட்டார்.

“இன்னாம்மா சொல்றாரு?” என்றார் சார்.

“இது யாரோடதுன்னு கேக்கறாரு சார்.”

சார் முகம் மலர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “பாத்தீங்களா? அவுருக்கே அடையாளம் தெரியல. அதான்யா நம்ம ஃபினிஷிங்.”

இன்னொரு முறை கை தட்டினார்கள்.

நான் சாம்பிள் அறைக்கு ஓடினேன். பிரித்தெடுத்த துண்டுகள் எங்கே என்று பாபு மாஸ்டரைக் கேட்டேன். “அந்தக் கந்தலா? வேஸ்ட் மூட்டைல போட்டேன், லாரி காலைல எடுத்துனு பூட்ச்சே. இன்னாத்துக்கு மேடம்?” என்றார். திரும்பி வந்தபோது எரிக் காரில் ஏறிக்கொண்டிருந்தார். என் கையைக் குலுக்கி, உங்கள் பெயர் என்ன என்றார்.

இப்போது கோச்சுக்கு வருகிறேன். சனிக்கிழமை மண்டபத்துக்குப் பின்னால் போய், கேம்புக்கு அனுப்பவில்லை, சக்கர ஷூ போதும் என்றேன். ஐயோ பாவம் என்பதுபோல என்னைப் பார்த்தார். அம்மாக்கள் பயந்தால் பிள்ளைகள் உருப்படுவது எப்படி என்று ஒரு சிறு பிரசங்கம் செய்தார்.

“சார், புரொஃபஷனல் ஆனதுக்கு அப்புறம் இன்னா ஆவாங்க?” என்று கேட்டேன்.

“ஆனதுக்கு அப்புறம் இன்னா மேடம், ஆயாச்சே.”

சொல்லிக்கொண்டே, பக்கத்தில் மூச்சு வாங்க நின்ற வேறொரு பையனின் தோளைத் தட்டி உள்ளே அனுப்பினார். அவன் விழுந்தும் அழாத பையன் என்று பார்த்தாலே தெரிந்தது. அவன் அம்மா என்னைவிட இளையவள்; போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கணவர் இரண்டு நாள் ஆஸ்பத்திரி கேண்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார். மகன், ஏன் அனுப்பவில்லை என்று கேட்டான், மறுநாளும் கேட்டான். இரண்டாம் முறை அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நேற்று கேட்டது நினைவில்லையா என்றேன். “நேத்தே கேட்டனே, நீ பதிலே சொல்லல,” என்றான் அவன். அதற்கப்புறம்தான் மூச்சு வந்தது. சரியாகச் செய்தேனா என்பதை இன்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், கேஸை மூடினேனா என்று பார்ப்பதுபோல.

கையுறையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். எங்கள் கம்பெனி தைத்திருந்தால் திருப்பி அனுப்ப மனம் வந்திருக்காது. ஆனால் அந்த ஆர்டர் எங்களுக்கு வரவே இல்லை, எல்லாரும் பிளாஸ்டிக் உள்ளங்கைக்குப் போய்விட்டார்கள். கையுறைப் பிரிவு மூடியாகிவிட்டது. கொட்டகையில் இப்போது பார்சல் கிடங்கு நடக்கிறது. மகனின் கையுறை அங்கிருந்தே வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. பஸ் திரும்பும்போது மூக்கைப் பொத்த யாரும் இல்லை. ராஜரத்தினம் சார் ஏதோ ஒரு கல்லூரியில் தலைமைப் பண்பு பற்றிப் பேசப் போகிறாராம், பொன்னாடையோடு படம் வந்திருந்தது.

எரிக்கின் வீட்டுச் சுவரில் அந்தக் கண்ணாடிப் பெட்டி தொங்கிக்கொண்டிருக்கலாம். யாருடையவை என்று தினமும் யாரையாவது கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆறு உறைகிற ஊர், முட்டைக்கோஸ் வாசனை ஊர், துண்டோடு விற்ற ஊர், எல்லாம் ராணிப்பேட்டையில் ஒரு கழிவு மூட்டைக்குள் போய்விட்டன. அவற்றின் பெயர்களை அன்று வரிசையாகக் கேட்டுப் புரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான். ஒன்றுகூட எனக்கு இப்போது நினைவில் இல்லை.