நரிவெங்காயக்காரரின் சம்பந்தம்

சதுரங்கப்பட்டினத்து மணற்காட்டில் வெயில் ஏறும் மாதங்களில், ஓர் இலைகூட இல்லாமல் மொட்டைத் தண்டாக எழுந்து சாயங்காலத்தில் பூக்கும் நரிவெங்காயம். தண்டு நிற்கும் இடத்தைத் தோண்டிக் கிழங்கெடுப்பார் பஷீருதீன். திருக்கழுக்குன்றத்துச் சந்தையில் கணப்புச் சட்டியோடு உட்கார்ந்து, அதை இரண்டாக அறுத்து வாட்டி, கால் ஆணிக்காரர்களின் குதிகாலில் சூட்டோடு அழுத்துவார். சாறு பட்டுப்பட்டு அவர் உள்ளங்கை எப்போதும் சிவந்து அரித்துக்கொண்டிருக்கும்.

தொழிலில் ஒரு குறையும் இல்லை. மனிதருக்குத்தான் அதில் அப்படி ஒரு வெட்கம். ஊரான் காலைத் தொட்டுப் பிழைப்பதாவது! மகள் ஷரீபுன்னிசாவுக்குச் செங்கல்பட்டில் வரன் பேசப் போன மைத்துனர் சௌகத் அலி, பெண்ணின் தகப்பனுக்கு அத்தர் வியாபாரம் என்று அளந்துவிட்டு வந்தார். பஷீருதீன் வாயை மூடிக்கொண்டார்.

ஐம்பத்து நாலாம் வருஷம் ஒரு சந்தையன்று, நொண்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் காலை நீட்டினார். சும்மா இருக்காமல் பேச்சும் கொடுத்தார்.

"நமக்கு செங்கல்பட்டு. பேரு அமீர். பையனுக்கு சதுரங்கப்பட்டினத்துல பொண்ணு பேசிகினு கீறோம். பொண்ணோட அத்தா அத்தர் யாவாரமாம்."

பஷீருதீன் கையிலிருந்த கிழங்கு நழுவியது. அந்த நேரம் பார்த்து, அவர் மறந்துவிட்டு வந்த சோற்றுத் தூக்கோடு, பஸ் ஏறி வந்து நின்றாள் மனைவி அமீனா பீவி.

"யாரு, வூட்டம்மாவா?" என்றார் அமீர்.

"இல்லீங்க. சோறு விக்கிற பொம்பள."

அமீனா பீவி ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். நாளைக்கு இதே முகத்தோடு சம்பந்தியின் எதிரில் உட்கார வேண்டுமே என்பதுகூட அந்த மகராசனுக்கு உறைக்கவில்லை. வீட்டில் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நிச்சயத்துக்கு வந்த அமீர், வாசலிலேயே அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, நீங்களா! உங்களாலதான் இன்னிக்கு நேரா நடந்துகினு கீறேன். இதுல இன்னா வெக்கம்? அத்தர் கித்தர்னு எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். பஷீருதீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அமீர் மட்டும் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"ஆமா, அன்னிக்கு சோறு எடுத்தாந்த அம்மா யாரு? தொழில மறைச்ச மாதிரி உங்க சம்சாரத்தையுமா அப்பிடி மறைச்சு சொன்னீங்க? கட்டினவள யாரோன்னு சொல்ற ஆளு வூட்ல நான் பொண்ணெடுக்க மாட்டேன்."

ஆமாம் என்றால் மகளின் கல்யாணம் நின்றுபோகும். இல்லை என்று இன்னொரு தடவை சொல்லப் பஷீருதீனுக்கு வாய் வரவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து அமீனா பீவி பேசினாள்.

"அது நான் இல்லீங்க அண்ணாத்த. நான் சந்தைப் பக்கமே வந்ததில்ல. அது சோறு விக்கிற பொம்பளதான்."

பாத்திஹா ஓதிச் சர்க்கரை கொடுத்தார்கள். பஷீருதீன் தம் பங்கைக் கையிலேயே வைத்துக்கொண்டார். அடுப்படிக்குப் போய், "அமீனா" என்றார்.

"சம்பந்தி உக்காந்துகினு கீறாரு. போய் கவனிங்க," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.