எட்டு போதும் என்று எனக்குத் தெரியும்

செல்லத்தாய் தூங்கியதால் அந்த ஏலக்காய் பாழாகவில்லை. என்னால் பாழானது. அது எனக்கு அன்று காலையிலேயே தெரியும். தெரிந்தும் எல்லோர் முன்னாலும் பொய் சொன்னேன்.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். காரணங்களை முன்னால் வைத்தால் நீங்கள் எனக்காக இரங்கத் தொடங்கிவிடுவீர்கள்... அது வேண்டாம்.

ஐப்பசி பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். முற்றத்து மழைமானியில் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். கட்டன் காப்பி போட்டுக் குடித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். உடும்பஞ்சோலைப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதன் சாவியைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது. ஸ்டோரில் இரவுக் காவலுக்கு இருந்த செல்லத்தாய்.

"சார், ஓடியாங்க. காயெல்லாம் செவந்து போச்சு. உங்க பெட்டி கத்தவே இல்ல சார்!"

பச்சை ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்தை இங்கே ஸ்டோர் என்போம். சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஸ்டோர் அது. விறகு எரித்து, சூட்டைக் குழாய் வழியே உள்ளே விட்டு, இரவெல்லாம் காய வைப்பார்கள். சூடு ஏறிவிட்டால் காயின் பச்சை போய்விடும். பச்சை போனால் ஏலத்தில் அதை யாரும் சீந்த மாட்டார்கள்.

முன்பெல்லாம் காவலுக்கு இருப்பவர் மணிக்கொரு தரம் உள்ளே போய்ச் சூட்டைப் பார்த்து வருவார். அந்த அலைச்சலைக் குறைக்கிறேன் என்று நான்தான் முன்வந்தேன். ஒரு பெட்டிக்குள் பழைய கம்ப்யூட்டர், சூடு அளக்கும் கருவி, ஒரு சங்கு. சூடு அளவு மீறினால் சங்கு அலறும். கூடவே, விவசாயிகள் தங்கள் காய் எப்படி இருக்கிறது என்று வீட்டிலிருந்தே போனில் பார்க்க ஒரு பக்கமும் செய்து கொடுத்தேன்.

செல்லத்தாய் இருபது வருடம் ஏலத்தோட்டங்களில் மழையில் குனிந்து காய் எடுத்தவள். முட்டி தேய்ந்து, அந்தப் பருவத்தில்தான் ஸ்டோர் வேலை கிடைத்திருந்தது. தலைக்கு மேல் கூரை, பக்கத்தில் அடுப்பு. முதல் நாள் அவள் கேட்டாள்.

"அப்ப இது கத்துனா எந்திரிக்கணும். கத்தலன்னா படுத்துக்கிடலாம். அம்புட்டுத்தானே சார்?"

"அவ்வளவுதான்."

"எங்க மாமியாளுக்கு இது எம்புட்டோ தேவல. காரணம் இருந்தாத்தான் கத்துது!"

படுத்துக்கொள்ளலாம் என்று சொன்னவன் நான். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். போனில் அந்தப் பக்கத்தைக் காட்டுவது சர்வர் என்னும் மென்பொருள். ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடலாம் என்று அதில் ஓர் எண் இருக்கும். செய்தவர்கள் அதில் நூற்றைம்பது என்று போட்டு அனுப்பியிருந்தார்கள். பெரிய கம்ப்யூட்டர்களுக்கு அது சரி. ஸ்டோரில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் நினைவகமோ வெறும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி. ஒவ்வொரு ஆளுக்கும் எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்தேன். சங்குக்கும் மற்றவற்றுக்கும் வேண்டியதை ஒதுக்கினேன். மீதியை வகுத்தேன். எட்டு வந்தது. எட்டு என்றே போட்டேன்.

ஒன்பதாவது ஆள் இரண்டு மூன்று நொடி காத்திருக்க வேண்டும். அவ்வளவே. ஸ்டோரில் தட்டுகள் நிறைந்துவிட்டால் அடுத்த மூட்டை முற்றத்தில் காத்திருப்பதில்லையா!

தொடக்க நாளன்று முப்பது பேர் ஒன்றாகப் போனைத் திறந்தார்கள். குழுத் தலைவர் பெருமாள்சாமியின் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது.

"என்ன சாரே, காய் காஞ்சு மூட்டை கட்டுறதுக்குள்ள வந்துருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். செல்லத்தாயும் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும்முன் அந்த எட்டை அழித்து, பழையபடி நூற்றைம்பது ஆக்கினேன்.

ஏன் செய்தேன்? கணக்கு தவறு என்று தோன்றியதா? இல்லை. கணக்கு சரி என்று எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு இன்னொரு முறை கேட்கக் கூடாது... அது மட்டும்தான்.

திங்கள் இரவு பலத்த மழை. ஈர விறகு முதலில் புகைந்து, பிறகு ஒரேயடியாகப் பிடித்திருக்கிறது. ஊரெல்லாம் காயை நினைத்துக் கவலைப்பட்டு அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். வராததால் திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறார்கள். சர்வர் எல்லோரையும் உள்ளே விட்டது. நினைவகம் நிரம்பியது. அப்படி நிரம்பினால், மூச்சு விடுவதற்காகக் கம்ப்யூட்டர் தானே ஏதாவது ஒரு நிரலை நிறுத்திவிடும். அன்றைக்கு அது நிறுத்தியது சூட்டைப் படிக்கும் நிரலை.

சங்கு அலறவில்லை. செல்லத்தாய் எழுந்திருக்கவில்லை.

இதையெல்லாம் ஸ்டோருக்குப் போன ஐந்தாவது நிமிடத்தில் திரையில் படித்துவிட்டேன். அந்த நிரலை மறுபடி ஓட விட்டேன். தலைவர் வந்து சேர்ந்தபோது பெட்டியில் பச்சை விளக்கு ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தது.

முற்றத்தில் காய்க்காரர்கள் கூடிவிட்டார்கள். தட்டுகளில் பழுப்பேறி, தோல் வெடித்துக் கிடந்தன காய்கள். பெருமாள்சாமி குரலை உயர்த்தவே இல்லை.

"நல்லா ஒறங்குனியாத்தா?"

"படுத்தேன். இல்லங்கல. கத்தலன்னா படுத்துக்கிடலாம்னு சொல்லித்தான படுத்தேன்?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க. கத்துச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ராத்திரி முழுக்க ஓடியிருக்கு. கத்தியிருக்கு" என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். பொய் என்று கூவியிருக்கலாம். பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப எனக்குத்தான் கேக்கல போல. மழைச் சத்தத்துல காது அடைச்சிருச்சு போல."

தன் காதைவிட என் சொல்லை நம்பினாள்! அந்த இடத்தில்கூட நான் வாயைத் திறக்கவில்லை.

"நாளையிலேருந்து காய் எடுக்கப் போத்தா" என்றார் தலைவர்.

இப்போது வேறு சில ஸ்டோர்களுக்கும் இதே பெட்டியைச் செய்து கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் எட்டுதான். பெட்டிக்குள் எட்டிப் பார்க்கவே போகாதவர்களுக்காக முன்கூட்டியே வைக்கும் எண் அது. அதைக் கவனமாக வைக்க வேண்டும் என்று அவர்களிடம் நிதானமாக விளக்குகிறேன். 'சார் ரொம்பக் கருத்தான ஆளு' என்கிறார்கள். நாட்குறிப்பிலோ அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மழை அளவை மட்டும் எழுதியிருக்கிறேன்.

செல்லத்தாயைக் கடைத்தெருவில் பார்ப்பதுண்டு. முழங்காலில் துணி சுற்றியிருக்கும். நான் ஏதாவது கேட்டால் கிட்டே வந்து, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுக்கிறாள். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார். எனக்குக் காது மந்தம்ல."

ஒவ்வொரு முறையும் சத்தமாகத்தான் சொல்கிறேன்... விலைவாசியைப் பற்றி, மழையைப் பற்றி. நான் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள், புதன்கிழமை காலை, பல்கூடத் துலக்காமல் ஸ்டோருக்குப் போனேன். நூற்றைம்பதை அழித்து எட்டு என்று எழுதினேன். சரிபார்க்க, டம்ளரில் வெந்நீர் ஊற்றிச் சூடு அளக்கும் கருவியை அதில் முக்கினேன். சங்கு அலறியது. மூலையில் செல்லத்தாயின் கம்பளி மடித்தபடியே இருந்தது.

ஜன்னல் வழியே பார்த்தேன். கீழே வளைவில், காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப் உறுமி ஏறிக்கொண்டிருந்தது. நல்ல மழை. சங்குச் சத்தம் கேட்டு, பின்னால் தொங்கிய படுதாவை விலக்கி ஸ்டோர் பக்கம் முதலில் திரும்பிய முகம் செல்லத்தாயுடையது.

நான் கையை நீட்டிச் சங்கை நிறுத்தினேன்.