ராக்கோழியின் காலைக் காபி

தெருவில் அவளுக்கு ராக்கோழி என்று பெயர். பொழுது சாயும்போது கிளம்பி, ஊர் விழிக்கும்போது வீடு திரும்புகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இரவு வேலை. மகள் பள்ளியில் சேர்ந்த வருடம் பிடித்த வேலை அது. மகள் படித்து முடித்து வெளியூரில் வேலைக்கும் போய்விட்டாள். அம்மா இன்னும் அதே படுக்கை விரிப்புகளை உதறிக்கொண்டிருக்கிறாள்.

கணவர் பேருந்து ஓட்டுநர். அவர் வண்டி எடுக்கக் கிளம்பும் நேரத்தில் அவள் வருவாள். அவர் திரும்புவதற்குள் அவள் போயிருப்பாள். ஒரே கூரையின் கீழ் சூரியனும் சந்திரனுமாகக் குடித்தனம். இரண்டும் சந்திக்கிற இடம் சமையலறை மேசை. நடுவில் அமுக்கி.

அமுக்கி என்பது மகள் அனுப்பிய காபிக் குடுவை. கண்ணாடிக் குடுவை, மூடியின் நடுவே ஒரு கம்பி, கம்பியின் அடியில் சல்லடைத் தட்டு. கொரகொரப்பான தூளைப் போட்டு, கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றிக் கலக்கி, மூடி வைத்துக் காத்திருக்க வேண்டும். தூள் ஊறியதும் கம்பியை மெல்ல அமுக்கினால் சக்கையெல்லாம் அடியில் தங்கிவிடும், காபி மேலே நிற்கும். அதற்கு ஏதோ ஒரு பிரெஞ்சுப் பெயரை மகள் சொன்னாள். ஓட்டுநருக்கு அது வாயில் நுழையவில்லை. "பிரேக்கு மாதிரி அமுக்குறோம். அமுக்கின்னே வச்சுக்குவோம்" என்றுவிட்டார்.

தூள் ஊறுகிற நேரம்தான் அவர்கள் பேசுகிற நேரம். குழாய் ஒழுகுவது, மகளுக்குச் சளி பிடித்தது, அவருடைய தம்பி மறுபடியும் வீடு மாறுவது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். சண்டைக்குத்தான் நேரம் போதாது. யாராவது குரலை உயர்த்துவதற்குள் காபி தயாராகியிருக்கும்.

அந்த வாரம் முழுக்க அவள் ஒரு விஷயத்தை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தாள். சலவைக்கூடத்தில் பகல் வேலைக்கு ஓர் இடம் காலியாகியிருந்தது. "உனக்காகத்தான் பிடிச்சு வச்சிருக்கேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லிடு. மடிப்பு மேசைக்காரி வேற கேட்டுட்டே இருக்கா" என்று மேற்பார்வைக்கார அம்மா நேற்று கெடு வைத்துவிட்டார். அவளுக்கு அந்த இடம் வேண்டும். பகலில் படுத்தால் இப்போதெல்லாம் கண் எரிகிறதே தவிர மூடுவதில்லை. போன வாரம், விரிப்புகளைத் தேய்க்கும் சூட்டு உருளைக்கு முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்றவள் கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் விரல்களும் துணியோடு உள்ளே போயிருக்கும். இதையும் அவரிடம் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய பேச்சு அந்தக் குடுவை நேரத்துக்குள் அடங்காது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

இன்று சொல்லியாக வேண்டும். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, முந்தின நாள் அவர் வாங்கி வந்த புதுத் தூளைப் பிரித்தாள். விரலில் மாவாக ஒட்டியது. இது ஆகாதே என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் வேறு தூள் தேட உடம்பில் தெம்பில்லை. எல்லாம் காபிதானே என்று போட்டு, வெந்நீரை ஊற்றி மூடிவிட்டாள்.

அவர் வெள்ளைச் சீருடையில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன ராக்கோழி, முகம் பிழிஞ்ச துணி மாதிரி இருக்கு?"

"பிழிஞ்சுட்டுத்தானே வர்றேன். ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு, சொல்லு. நேரமாச்சு." கம்பியை அமுக்கினார். பாதியில் நின்றுவிட்டது. "என்னடா இது, பழைய வண்டி மாதிரி மக்கர் பண்ணுது?"

"மெதுவாங்க. கொஞ்சம் விட்டுப் பிடிங்க."

மேட்டில் திணறும் வண்டியை விட்டுப் பிடிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. எழுந்து நின்று, உடம்பின் பாரத்தையெல்லாம் உள்ளங்கையில் இறக்கினார். கம்பி ஒருபக்கம் சாய்ந்தது. மூடியைச் சுற்றிப் பீறிட்ட காபி சட்டையின் மார்பு முழுக்க அப்பிக்கொண்டது.

"ஐயோ, சுட்டுடுச்சா?"

"தோலு தப்பிச்சுது. மானம்தான் போச்சு" என்று சட்டையைக் கழற்றினார். "கடைக்காரர் எப்படி அரைக்கணும்னு கேட்டாரு. இருந்த அலுப்புல, நல்லா அரைங்கன்னுட்டேன்."

"நல்லாத்தான் அரைச்சிருக்காரு. முகத்துக்குப் பூசிக்கலாம்."

இன்னொரு சட்டை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. அவள் கறைச் சட்டையை வாங்கி, உட்புறத்தைத் திருப்பிக் குழாயடியில் பிடித்தாள். கறையை முன்னாலிருந்து தேய்த்தால் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பின்னாலிருந்துதான் தள்ள வேண்டும். அவர் பணிமனைக்கு போன் போட்டு, முதல் நடைக்கு வேறு ஆளை அனுப்பச் சொன்னார். காரணம் கேட்டார்கள். "காபி வெடிச்சிடுச்சு" என்றார். மறுமுனையில் சிரித்தது அவளுக்கே கேட்டது.

ஈரச் சட்டையைத் தேய்ப்புப் பெட்டியால் உலர்த்த ஆரம்பித்தாள். ஆவி எழுந்தது. அவர் பனியனோடு உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். காலையில் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்ததில், என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை.

"பகல் வேலை தர்றேங்கிறாங்க" என்றாள், சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வேண்டாம்னு சொல்லிடு."

தேய்ப்புப் பெட்டி நின்றது. "யோசிக்கக்கூட இல்லையே நீங்க?"

அவர் பனியனின் ஓரத்தைத் திருகினார். "சாயங்காலம் நான் வர்ற கோலம் உனக்குத் தெரியாது. நாள் பூரா அத்தனை பேர்கிட்ட பேச்சு வாங்கிட்டு வந்தா, செருப்பைக்கூடக் கழட்டாம நாற்காலியில சாஞ்சிடுவேன். யாராவது பேசினா எரிஞ்சு விழத் தோணும். காலையில கொஞ்ச நேரம்னா நல்லவனா இருந்துடலாம். சாயங்காலம் பூரா எப்படி இருக்கிறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதி வழியில் அது வேறு ஏதோவாக மாறியது. "நான் மட்டும் என்ன, இங்க உட்கார்ந்து நல்லவளா நடிக்கலையா?" என்றாள். பிறகு சூட்டு உருளையைப் பற்றிச் சொன்னாள்.

அவர் எழுந்து வந்தார். அவள் வலது கையைப் பிடித்து, சில்லறையாக வந்த கிழிந்த நோட்டைப் பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக நீவினார்.

"இதை என்னைக்குச் சொல்லலாம்னு இருந்தே?"

"காபி ஊறுற நேரத்துல இதையெல்லாம் எங்கங்க சொல்றது?"

அவர் கையை விட்டார். அக்குளில் ஈரம் காயாத சட்டையைப் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது, "சாயங்காலம் பேச்சுக் கச்சேரியெல்லாம் எதிர்பார்க்காதே. சொல்லிட்டேன்" என்றார்.

"நீங்க ஒரு மூலையில கிடங்க. நான் ஒரு மூலையில கிடக்கிறேன்."

அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் மேற்பார்வைக்கார அம்மாவுக்கு போன் செய்தாள்.

"வீட்டுல கேட்டியா? என்ன சொன்னாரு?"

"முதல்ல வேண்டாம்னாரும்மா."

"அப்புறம்?"

"அப்புறம் விரலைப் பார்த்தாரு. பகலுக்கே எழுதிக்குங்க."

"சரி, அடுத்த மாசத்திலேருந்து வா. அதுவரைக்கும் ராத்திரிதான். இன்னிக்கு சீக்கிரம் வந்துடு, ரெண்டு பேர் வரலை."

"வர்றேம்மா" என்றாள். போனை வைத்துவிட்டு, மேசைமேல் வழிந்திருந்த காபியைத் துடைத்தாள். ஜன்னல்கள் எல்லாவற்றையும் சாத்தி, வெளிச்சம் கசிந்த இடுக்கில் ஒரு துண்டைச் செருகிவிட்டுப் போய்ப் படுத்தாள்.