ராக் மோகன் பாடிய மெல்லிசை

வேர்க்கடலை மூட்டையின் வாசனை தெரியுமா உங்களுக்கு? மண்ணும் எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை... மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது. என் வாழ்க்கையில் நான் பாடிய ஒரே கேசட் அந்த வாசனைக்கு நடுவில்தான் பதிவானது. கீழ்பென்னாத்தூரில், ஒரு கடலை குடோனில்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். சனி, ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் பாட்டு. குழு எங்கே போனாலும் கூட்டம் வந்தது எனக்காக இல்லை, ராக் மோகனுக்காக.

மோகன் அண்ணனை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... சிவப்பு பெல்பாட்டம், வெள்ளை ஷூ, தோளில் புரளும் முடி. செங்கம் ரோட்டில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் எலெக்ட்ரிக் கிதார் கற்றுக்கொண்டவர். மேடையில் மண்டி போட்டுப் பாடுவார், மல்லாந்து படுத்தும் பாடுவார். அவர் கத்த ஆரம்பித்தால் விசில் சத்தத்தில் பந்தல் அதிரும். நாங்களெல்லாம் பின்னால் சும்மா நிற்போம்.

எண்பதுகளில் ஒரு கோயில் திருவிழாவில் அது நடந்தது. உச்சத்துக்குப் போன இடத்தில் அவருக்குக் குரலே வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, சத்தம் இல்லை. கூட்டம் அதை ஏதோ புது ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாக விசில் அடித்தது.

வேனில் திரும்பும்போது என்னிடம் சொன்னார். "குரல் போனதுகூட அவங்களுக்குத் தெரியல திலகா. இத்தன வருஷமா என்னைப் பாத்துக்கினு இருந்திருக்காங்க... யாரும் கேக்கல."

இனிமேல் கத்தினால் பேச்சே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒருநாள் குழுவைக் கூப்பிட்டு, பழைய மெல்லிசைப் பாட்டுகளாகச் சேர்த்து ஒரு கேசட் போடப் போவதாகச் சொன்னார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ராக் மோகனா? தாலாட்டு மாதிரி இருக்கிற அந்தப் பாட்டுகளையா?

ஊருக்குள் கோயில் மணியும் பஸ் ஹாரனும் ஓயாது. அதனால்தான் அவர் மச்சானின் குடோன். சுற்றிலும் கூரை வரை மூட்டை, எதிரொலியே கிடையாது. வேலூரிலிருந்து ஒருவர் ரெக்கார்டிங் மெஷினோடு வந்தார். ஃபேன் ஓடினால் அதுவும் டேப்பில் விழும் என்று நிறுத்திவிட்டார்கள். வேர்த்துக் கொட்டியது.

முதல் பாட்டிலேயே குரல் உடைந்தது. இரண்டாம் தடவையும் அதே இடம். மூன்றாம் தடவை இருமலே வந்துவிட்டது.

கிதார் வாசிக்கும் யூசுப் மெதுவாகச் சொன்னான். "ண்ணா... சுருதிய ரெண்டு கட்டை கம்மி பண்ணிக்கலாமா?"

"கம்மி பண்ணியா? நானா? வேற ஆளப் பாத்துக்கோ போ."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கேசட் அவ்வளவுதான் என்று நினைத்தேன். மெஷின்காரர் ஒயரைச் சுருட்டவே ஆரம்பித்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் அவர் மனைவி மல்லிகா அக்கா எல்லோருக்கும் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கச்சேரிக்கும் வராதவர். அந்தச் சத்தம் ஆகாது அவருக்கு. விஷயத்தைக் கேட்டதும் கூடையை வைத்துவிட்டு நேராகக் களத்துக்குப் போனார்.

"ஏங்க, வீட்ல தண்ணி எறைக்கும்போது ஒண்ணு பாடுவீங்களே..."

"அது பாட்டா? சும்மா வாய்க்குள்ள முனகறது."

"எனக்கு அதாங்க பாட்டு. அதப் பாடுங்க. இங்க விசிலடிக்க யாரு இருக்கா?"

அண்ணன் சிரித்தார்... எவ்வளவோ நாளைக்கப்புறம். உள்ளே வந்து, ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, "யூசுப்பு, ரெண்டு கட்டை எறக்குடா" என்றார்.

அன்றைக்கு அவர் பாடியதை எப்படிச் சொல்வது... குரலில் ஒரு கரகரப்பு இருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் உட்கார்ந்து நம்மிடம் பேசுகிற மாதிரி வந்து விழுந்தது. அடுத்தது எங்கள் டூயட். கேட்டுக்கொண்டே நின்றதில் நான் பாட வேண்டிய அடியை விட்டுவிட்டேன். மெஷின்காரர் நிறுத்திவிட்டுத் திட்டினார். அண்ணன் திட்டவில்லை.

கேசட் வந்தது. ராக் மோகன் என்று பெயரைப் பார்த்து வாங்கியவர்கள் பாதிப் பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "தூக்கம் வருதுங்க" என்று ஒருவர் கேசட் கடையில் அண்ணன் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த வருடம் கார்த்திகை தீபத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம். ஒரு டீக்கடையில் எங்கள் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. நானும் அண்ணனும் மல்லிகா அக்காவும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு கிராமத்து அம்மா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் நடந்துகொண்டே திரும்பிக் கூப்பிட்டார்.

"எழுந்து வா, நேரமாவுது."

"இருய்யா, இந்தப் பாட்டு முடியட்டும்."

அந்த ஆளும் திரும்பி வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் எழுந்து போனார்கள். பாடியவர் இவர்தான் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டினார். டீயை அப்படியே வைத்துவிட்டு, அவர்கள் கூட்டத்தில் மறைகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெல்பாட்டத்தை அதற்குப் பிறகு அவர் போடவேயில்லை. உட்கார்ந்தபடி பாடுகிற சின்னச் சின்னக் கச்சேரிகள்தான், கடைசி வரை. மல்லிகா அக்கா எல்லாவற்றுக்கும் வந்தார்.

இப்போது எனக்கு வேங்கிக்காலில் வீடு. போன வாரம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் பாடிய பையன் மெஷினில் ஒரு பட்டனை அழுத்தினான், சுருதி இறங்கிவிட்டது. நல்ல வசதிதான், குறை சொல்ல மாட்டேன். நன்றாகவும் பாடினான். சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிட்டதும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்...

நான் மட்டும் அவன் முடிக்கிற வரை உட்கார்ந்திருந்தேன்.